மாமா துண்டும் என் மூக்கும்

1

நேற்றுக் காலை ஒரு பெரியவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஆபரேசன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். இங்கே மஸ்கட்டில் கட்டட வேலை. சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு போய்விட்டது. தகடு வைக்கப் போகிறார்கள். லிஃப்டுக்காக நிற்கும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, தமிழா?"

"ராஜபாளையம் பக்கம்ணே."

"அப்பாடா. ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். கீறுறதுக்கு முந்தி ஒத்த ஊசிதானாம். முடிஞ்ச பொறவு கேப்சூல் கெடையாதாம். கம்பெனிக்காரன் காசைக் குறைச்சுக் கட்டிட்டானோ?"

"அண்ணே, நானும் ஒத்த ஊசி ஆளுதான். தழும்பு இருக்கு, காட்டவா?"

"எங்க இருக்கு?"

"தொப்புளுக்குக் கீழ, வலப்பக்கம். பேண்ட்டை அவுத்தாத்தான் தெரியும்."

லிஃப்ட் திறந்தது. உள்ளே மூன்று பிலிப்பைன்ஸ் நர்சுகள் நின்றார்கள். பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாந்தம்பி, நம்புதேன்" என்றார்.

அவரிடம் சொல்ல நேரமில்லாத கதையைத்தான் ஊர்க்காரர்களுக்கு எழுதுகிறேன். எனக்கு எட்டாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஒன்பதாம் வகுப்பு என்னை ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டது. வாக்கியம் எங்காவது கோணிக்கொண்டால் பள்ளிக்கூடத்தைத் திட்டுங்கள்.

2

என் சொந்த ஊர் சத்திரப்பட்டி. ஊர் முழுக்கத் தறி. நெய்வது எல்லாம் கட்டுத்துணி, அதாவது பேண்டேஜ். அங்கே தறி வைத்திருந்தவர் தாஸ் மாமா, என் அம்மாவின் தம்பி. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், சர்ச் இருக்கும் தெருவில். தினமும் மொபெட்டில் வந்து போவார். வெள்ளைச் சட்டை, தோளில் வெள்ளைத் துண்டு. "உலகத்துல எவன் கீழ விழுந்தாலும் நம்ம துணியைச் சுத்தித்தாம்லே எந்திரிக்கணும்" என்பார். அவர் தறியில்தான் நான் வேலை கற்றேன். பிறகு அவர் மகள் கிரேசைக் கட்டினேன். சரியாகச் சொன்னால், நர்ஸ் படித்த கிரேஸ் என்னைக் கட்டி, சாமான் மூட்டையோடு சேர்த்து மஸ்கட்டுக்குத் தூக்கி வந்தாள்.

தாய்மாமனைக் கேலி பண்ணுவது எங்கள் பக்கம் பிறப்புரிமை. அவரே மாமனாரும் ஆகிவிட்டால் உரிமை இரட்டிப்பு. எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு, மாமாவின் தோள்துண்டை உருவி முகத்தைத் துடைத்துவிட்டு ஓடுவது. அவர் "ஏலே, களவாணிப் பயலே" என்று செருப்பைத் தேடுவார். தேடுவாரே தவிர ஒரு நாளும் எறிந்ததில்லை.

மாமாவுக்குக் கட்டுத்துணிக்கு அடுத்தபடி நம்பிக்கை கேப்சூலில். தறியில் விரலைக் கிழித்துக்கொண்டு வந்தால், பாதி சிவப்பும் பாதி கறுப்புமாக ஒரு கேப்சூலை எடுப்பார். இரண்டு நுனியையும் திருகி, மஞ்சள் பொடியைக் காயத்தில் தூவுவார், அவித்த கிழங்குக்கு உப்புத் தூவுகிற மாதிரி. மிச்சப் பொடியைத் திரும்ப மூடித் தீப்பெட்டிக்குள் வைப்பார். அடுத்த விரலுக்கு ஆகுமே! கூமாப்பட்டியில் அவருக்கு ஒரு துண்டு வயல் உண்டு. அங்கே வேலிமுள் கிழித்த ஆட்டுக்கும் அதே பொடி. சண்டையில் கொண்டை கிழிந்த சேவலுக்கும் அதே பொடி.

மாமா மட்டுமா? நம் ஊரே அப்படித்தான். சளிக்கு நாலு, பல்வலிக்கு நாலு என்று கடையில் வாங்குவோம். மறுநாள் கொஞ்சம் தேவலை என்றால் மிச்சத்தை நிறுத்திவிடுவோம். பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் அதை எடுத்துக் கொடுப்போம். புண்ணியம்.

3

மஸ்கட்டில் எங்கள் காலை இப்படி. கிரேஸ் ஆறு மணிக்கே தியேட்டர் டூட்டிக்குப் போய்விடுவாள். நான் மகள் ஜெனிக்குத் தலை சீவிப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அதே ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளப் போவேன். பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு எல்லாம் மலையாள நர்சுகள். அதனால் ஜெனிக்கு முதலில் வந்தது மலையாளம். நான் "சாப்பிட்டியா" என்றால் "கழிச்சு" என்பாள், சாப்பிட்டாச்சு என்று அர்த்தமாம்.

போன வருடம் மாமா மூன்று மாத விசாவில் வந்தார். விமான நிலையத்தில் வரவேற்கப் போன எங்களுக்கு வேறு காட்சி காத்திருந்தது. சுங்க அதிகாரி மாமாவின் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். மேலே பால்கோவா. அதற்குக் கீழே, அட்டை அட்டையாகச் சிவப்பு கறுப்புக் கேப்சூல். எதற்கு இவ்வளவு என்று அதிகாரி சைகையில் கேட்டிருக்கிறார். மாமாவுக்கு அரபியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தனக்கு அடிக்கடி கட்டி வரும் என்பதை விளக்க, எந்த இடத்தில் வரும் என்று திரும்பி நின்று, தட்டிக் காட்டி, உட்காரப் போய் "ஆத்தாடீ" என்று துள்ளியும் காட்டினார். அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, ஒரு அட்டையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டார்.

"நல்ல மனுசன்லே. பாவம், அவனுக்கும் கட்டி வருமோ என்னமோ" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்ததும் ஜெனி தாத்தாவிடம், "வெள்ளம் வேணும்" என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். "எதுக்குலே இவளுக்கு வெள்ளம்? பிளவக்கல் டேம் என்ன ஒடைஞ்சா போச்சு?"

"தண்ணி கேக்கா மாமா."

"தண்ணிக்கு எதுக்கு வெள்ளம்? ஒரு டம்ளர் போதாதா?"

ஒரே வாரத்தில் ஜெனி தாத்தாவுக்கு மலையாளம் கற்றுக்கொடுத்தாள். தாத்தா அவளுக்கு "ஏலே" சொல்லக் கற்றுக்கொடுத்தார். அவள் அதை முதன்முதலில் பிரயோகித்தது என்மேல்.

4

அந்த நேரத்தில்தான் என் வேலை ஒப்பந்தம் முடியப் போனது. புதுப்பிக்க வேண்டுமானால் உடல் தகுதிச் சான்றிதழ் வேண்டும். எனக்கோ அடிவயிற்றில் குடல் இறங்கியிருந்தது, ஹெர்னியா. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவனுக்கு ஹெர்னியா இருந்தால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் நான் ஊருக்குப் போக வேண்டியதுதான். கிரேசுக்கு இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம் பாக்கி. அவளும் ஜெனியும் இங்கே, நான் சத்திரப்பட்டியில். நான் எதற்கும் சிரிக்கிறவன். அதை நினைத்தால் மட்டும் சிரிப்பு வராது.

ஆபரேசன் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. எகிப்து டாக்டர் நாள் குறித்தார். உள்ளே கொசுவலை மாதிரி ஒரு சின்ன வலையை வைத்துத் தைப்பாராம். மாமா கேட்ட முதல் கேள்வி, "இஞ்சுக்கு எத்தனை இழையாம்?"

அதற்குள் ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து. தியேட்டரில் வேலை பார்க்கிற எல்லோர் மூக்குக்குள்ளும் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்த்தார்கள். கிருமிக்கென்றே ஒரு ஐரிஷ் சிஸ்டர் உண்டு. அவருக்கு நான் வைத்த பெயர் மூக்கு ராணி. பெரிய டாக்டர் மூக்கு சுத்தம். கிரேஸ் மூக்கு சுத்தம். அவளுக்கு மூக்கில்கூட ஒழுங்கு. என் மூக்கில் மட்டும் குடித்தனம்.

தோல்மேலும் மூக்குக்குள்ளும் எல்லோருக்கும் பூச்சி உண்டாம். அது பாட்டுக்கு இருக்குமாம். ஆனால் என்னிடம் இருந்தது வழக்கமான மருந்து எதற்கும் அடங்காத ரகம்.

எகிப்து டாக்டர் கையை விரித்தார். கத்தி வைப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் போடுகிற ஊசி இந்தப் பூச்சியிடம் பலிக்காது. இது போய் வலையில் உட்கார்ந்துகொண்டால் வலையையே பிடுங்கி எடுக்க நேரும். "முதலில் மூக்கு, அப்புறம் வயிறு" என்று முடித்துவிட்டார். மூக்குக்கு ஒரு களிம்பு, உடம்புக்கு ரோஸ் நிறத்தில் ஒரு சோப்புத் தண்ணீர். தொடர்ந்து மூன்று பரிசோதனையில் பூச்சி இல்லை என்று வந்தால் தேதி தருவார்.

பணியாளர் அலுவலகத்தில் போய்க் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். அங்கிருந்த குமாஸ்தா என்ன வியாதி என்று கேட்டார். என் ஆங்கிலத்தில், "மூக்கு சரியானதும் வயிற்றை வெட்டுவார்கள்" என்று சொன்னேன். அவர் தன் காகிதங்களை மூடிவைத்தார். "புக்ரா வா" என்றார். புக்ரா என்றால் நாளை. வளைகுடாவில் எல்லா விண்ணப்பத்துக்கும் முதல் பதில் அதுதான். நாலு புக்ராவுக்குப் பிறகு ஒப்பந்தம் முடிகிற தேதிவரை பொறுப்போம் என்றார். அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது.

5

களிம்பு தடவினேன், குளித்தேன். முதல் பரிசோதனை சுத்தம். அன்றைக்கு வீட்டில் பாயசம். இரண்டாவது பரிசோதனையில் பூச்சி திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

மறுபடி களிம்பு, மறுபடி ரோஸ் தண்ணீர். மறுபடி முதலாவது சுத்தம், இரண்டாவது பூச்சி. நாள் ஓடிக்கொண்டிருந்தது. கிரேஸ் டூட்டி முடிந்து வந்து பேசாமல் சோறு வடித்தாள். சண்டை போட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. மிஞ்சியிருந்த கேப்சூல் அட்டையை எடுத்து வந்தார். "ஏலே சீலா, களிம்பாம் தண்ணியாம். இதுல ரெண்டு ரெண்டா முழுங்கு. எந்தப் பூச்சி நிக்குதுன்னு பாப்போம். அவகிட்டச் சொல்லாத."

நான் கையை நீட்டிவிட்டேன். அந்த நேரத்தில் தண்டவாளத்தை அரைத்துக் கொடுத்திருந்தாலும் தின்றிருப்பேன். அடுப்படியிலிருந்து கிரேஸ் வந்து அட்டையைப் பிடுங்கினாள்.

"இதைத் தின்னு தேறுன பூச்சிதான்ப்பா அவிய மூக்குல உக்காந்திருக்கு. அதுக்குப் போயி விருந்து வைக்கீங்களா?"

"மருந்து தின்னாப் பூச்சி சாகாம தேறுமாக்கும்? என்ன படிப்புட்டி படிச்ச?"

"உங்க தறியில சண்டைக்காரன் ஒருத்தன் இருந்தான்லா? மத்த ஆளுக அம்புட்டுப் பேரையும் வேலையை விட்டு நிப்பாட்டிட்டு, அவனை மட்டும் வச்சிருந்தா என்ன ஆகும்?"

"தறியே அவன் பேருக்குப் போயிரும்."

"அம்புட்டுத்தான். சும்மா சும்மா கேப்சூல் தின்னா, தோல்மேல சாதுவா இருக்கிற பூச்சியெல்லாம் செத்துப்போகும். அடங்காததுக்கு மொத்த எடமும் கெடைச்சிரும். ஆப்பரேசன் ஊசியும் அதுக்குத்தான் ஒண்ணே ஒண்ணு. கத்தி படுற நேரத்துல மருந்து ரத்தத்துல நிக்கணும். தச்சு மூடுன பொறவு எட்டு நாள் முழுங்குறதுல காயத்துக்கு லாபமில்ல. பூச்சிக்குத்தான் பாடம்."

மாமா யோசித்தார். "அப்ப எங்க ஆடு?"

"ஆட்டை விடுங்கப்பா."

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். மனசு பாரமாக இருந்தது. பாரமாக இருந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. மாமா தோளிலிருந்து துண்டை உருவினேன், மூக்கையும் வாயையும் அழுந்தத் துடைத்தேன், ஓடினேன். மாமா "களவாணி" என்று எழுந்தார். ஜெனி கை தட்டினாள். நான் கட்டிலைச் சுற்றி வந்து துண்டைத் திரும்ப அவர் தோளிலேயே போட்டேன். மாமா அதே துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கிரேஸ் அகப்பையோடு நின்றபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்தான், இந்தக் கூத்து தெனமுமா நடக்கு?"

"நீ டூட்டிக்குப் போன பொறவு ரெண்டு தடவை. ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போகுறதுக்கு முந்தி ஒண்ணு. ஏன்?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பத்து நாளாகச் சிரிக்காதவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"அப்பா, நாளைக்கு எங்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. உங்க மூக்கைப் பாக்கணும்."

6

"எம் மூக்குல என்னட்டி இருக்கப்போகுது?" என்று கேட்டபடியே வந்தார். மூக்கு ராணி பஞ்சுக் குச்சியை விட்டதும் பெரிய தும்மல் ஒன்று போட்டார். "ஸ்தோத்திரம்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. கிரேஸ் சுத்தம், ஜெனி சுத்தம். மாமா மூக்கில் நிறைகுடித்தனம். என்னிடம் இருந்த அதே ரகம்.

நான் ஆட்டம் போடலாம் என்று வாயைத் திறந்தேன். மாமா முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"ஊரு புண்ணுக்கெல்லாம் துணி குடுத்தவம்லே நான்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "எங்கிட்டயா இருக்கு? நானா உனக்குக் குடுத்தேன்? என்னாலதான் நீ ஊருக்குப் போகணுமா?"

கிரேஸ் இதை மூக்கு ராணியிடம் சொல்ல, அந்த அம்மாள் தலையை ஆட்டினார். யார் யாருக்குக் கொடுத்தது என்று எவராலும் சொல்ல முடியாதாம். ஆஸ்பத்திரியிலிருந்து நான் கொண்டுவந்து மாமாவுக்குக் கொடுத்திருக்கலாம். மாமாவின் கட்டியிலிருந்து எனக்கு வந்திருக்கலாம். இருக்கிறவர்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் சுத்தம் பண்ணினால் போதும் என்றார்.

"கேட்டீங்களா மாமா? நான் குடுத்த சீதனமாக்கூட இருக்கலாம்."

"சீதனம் நாங்கல்லாலே தரணும்?"

"அதான், நீங்க தராததை நான் தந்தேன்."

மாமா சிரித்துவிட்டார். அதன்பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. துணியை வெள்ளாவி வைத்து வாழ்ந்த மனிதர். வீட்டில் இருந்த எல்லாத் துணியையும் அவிக்கப் போகிறேன் என்று பால்கனியில் பெரிய அண்டாவை ஏற்றினார். துண்டு, தலையணை உறை, போர்வை எல்லாம் கொதித்தது. சந்தோஷ வேகத்தில் என் டெரிலின் பேண்டையும் போட்டார். அது ஜெனிக்குச் சரியாக இருக்கும் அளவில் வெளியே வந்தது. எங்கள் வீட்டில் ஏதோ விருந்து சமைக்கிறார்கள் என்று கீழ்வீட்டு நர்ஸ் பாத்திரத்தோடு வந்துவிட்டாள்.

ஆளுக்கொரு தனித் துண்டு. எனக்கு நீலம், மாமாவுக்கு வெள்ளை. மூக்கில் களிம்போடு நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். கை துறுதுறுக்கும். ஜெனி இருவருக்கும் நடுவில் நின்று, "ஏலே, தொடாத" என்று காவல் காப்பாள்.

முதல் பரிசோதனை சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவது முடிவு வந்த அன்று கிரேஸ் தியேட்டர் உடையோடு படிக்கட்டில் ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கெடுவுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

7

நான் தினமும் மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு போகிற ஸ்ட்ரெச்சரில் அன்றைக்கு நான். கூட வேலை பார்க்கும் பாகிஸ்தான் பட்டாணி நண்பன் தள்ளினான். வேண்டுமென்றே ஒவ்வொரு கதவிலும் இடித்தான். நான் அவனுக்குச் செய்ததை நினைத்தால் அது குறைவுதான்.

பூச்சி ஒருமுறை இருந்த ஆள் என்பதால் எகிப்து டாக்டர் எனக்கு வேறு முன்காப்பு மருந்து சொன்னார். பாட்டிலில் தொங்கவிட்டு மெதுவாக ஏற்ற வேண்டியது. அவசரப்பட்டு ஏற்றினால் ஆள் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்துபோவானாம். மாமா பக்கத்தில் உட்கார்ந்து சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது முடிஞ்சா அடுத்த பாட்டில் எப்பட்டி?"

"அடுத்தது இல்லப்பா. இதான் மொதலும் கடைசியும்."

"தையல்மேல பொடிகூட வேண்டாமா?"

"அப்பா!"

"இல்லட்டி, கேட்டேன். கேக்கக்கூடாதா?"

ஆபரேசன் நல்லபடி முடிந்தது. அடுத்த நாட்களில் மாமா என் படுக்கையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கட்டின்மேல் கை வைக்கமாட்டார், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து முகர்ந்து பார்ப்பார். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் தையல் இழுக்கும். "தள்ளிப் போங்க மாமா, கொல்லுறீங்க" என்பேன். அவர் போய்க் கதவோரம் நின்று முகர்வார். அது இன்னும் மோசம்.

தையல் பிரிக்கிற அன்று கிரேஸ் கட்டை அவிழ்த்தாள். காயம் ஒரு கோடு. சிவப்பில்லை, சீழில்லை. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செத்த நேரம் பார்த்தார். பிறகு அவிழ்த்த துணியைத் தூரத்திலிருந்து பார்த்து, "நெசவு சுமார்தான்" என்றார்.

8

கடைசி நாள் தகுதிப் பரிசோதனை. அறைக்குள் வேறொரு டாக்டர், வயதான ஓமன்காரர். வெளியே பெஞ்சில் கிரேஸ், ஜெனி, மாமா. கதவு மெல்லிய பலகைக் கதவு. இந்தப் பக்கம் கிள்ளினால் அந்தப் பக்கம் வலிக்கும்.

ஹெர்னியா இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரே வழிதானாம். டாக்டர் அடிவயிற்றில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு இருமச் சொல்வார். குடல் இறங்கினால் விரலில் முட்டும். கிரேசுக்கு இது தெரியும். எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

"இருமு" என்றார் டாக்டர்.

இருமினேன். வெளியே பேச்சு நின்றுவிட்டது. மாமாவின் செருப்புச் சத்தம்கூட இல்லை.

"இன்னும் பலமாக."

இருமினேன். டாக்டரின் விரல் அப்படியே இருந்தது. எதுவும் முட்டவில்லை. அவர் கையை எடுத்துவிட்டு முத்திரையை எடுத்தார். தாளில் ஓங்கி ஒரு குத்து. நான் கதவைப் பார்த்துக்கொண்டு, என் பலம் கொண்ட மட்டும் இன்னும் மூன்று இருமல் இருமினேன்.

"போதும், போதும், முடிந்துவிட்டது" என்றார் டாக்டர்.

அவருக்காக இருமவில்லை என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, தொண்டையைச் செருமி, கிரேஸ் ஒரு இருமல் இருமினாள்.